ஷிப்ட் இழந்த தொழிலாளிக்கு என்ன நிவாரணம்? ஒன்றியத் தொழிலாளர் அமைச்சருக்குத் திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றியத் தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்ததையும், அதையொட்டி ஒன்றிய அரசு எடுத்த நடவடிக்கைகளையும் தாங்கள் நன்கு அறிவீர்கள். பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீதத் தீர்வை அந்த ஆண்டின் இறுதிவரை விலக்கப்பட்டது. நவம்பர் 12 அன்று, ஆறு ஆண்டுகளுக்கு 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்கும், ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரையிலான பிணையில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தரும் திட்டத்துக்கும் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இரண்டு நாட்களில் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு அவகாசம் கொடுத்தது. கம்பெனி நிலைத்தால்தான் வேலை நிலைக்கும் என்பதால் இவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆர்டர் நின்றதால் கூலி இழந்த தொழிலாளியின் கணக்கில் நேரடியாகச் சேரும் தொகை என்று இந்த அறிவிப்புகளில் எதுவும் இல்லை. அதைக் கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திருப்பூரில் வேலை போகும் விதம் சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் போன்றது அல்ல. ஒருவரும் நீக்கப்படுவதில்லை; கடிதம் எதுவும் தரப்படுவதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட் ஓடும், பிறகு வாரத்தில் நான்கு நாள் என்றாகும், பிறகு “ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம்” என்று சூப்பர்வைசர் சொல்வார். பீஸ் ரேட்டில் தைக்கும் ஓவர்லாக் டெய்லரும், அவருக்குத் துணையாக இருக்கும் கைமடியும், செக்கிங், அயர்னிங், பேக்கிங் செய்யும் பெண்களும் ஏட்டில் வேலையில்தான் இருப்பார்கள், சனிக்கிழமைச் சம்பளம் மட்டும் பாதியாகிவிடும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அறை வாடகை கட்ட முடியாமல் ரயிலேறிவிட்டால், அவர்கள் இங்கே வேலை பார்த்ததற்கான சுவடுகூட மிஞ்சாது. ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கு நிட்டிங், சாயமேற்றுதல், பிரிண்டிங், எம்பிராய்டரி செய்து கொடுக்கும் ஜாப் வொர்க் யூனிட்டுகளின் நிலை இதைவிட மோசம், ஏனெனில் அவற்றின் கணக்கில் அமெரிக்கா என்ற பெயரே இருக்காது.

இப்போதுள்ள ஏற்பாடுகள் இவர்களைத் தொடுவதில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொருவருக்கும் பதினைந்து நாள் கூலியை மறுதிறன் நிதியிலிருந்து நாற்பத்தைந்து நாட்களுக்குள் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் முறைப்படி ஆட்குறைப்பு செய்யப்படாதவருக்கு அதில் இடமில்லை. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் கீழ் 2018இல் தொடங்கிய அடல் திட்டம் வேலையிழந்தவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாட்கள் வரை தருகிறது. அதுவும் ஆயுளில் ஒரு முறைதான், இ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால்தான். கொரோனாக் காலத்தில் அதைப் பெற்றுவிட்ட ஒருவர் வரிச் சிக்கலில் மீண்டும் வேலையிழந்தால் எங்கே போவார்?

வர்த்தகத்தால் வேலையிழப்பவருக்கென்றே தனித் திட்டம் வகுத்த நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று என்பது நகைமுரண். 1962இல் கென்னடி காலத்தில் வந்த அந்தச் சட்டம் இறக்குமதியால் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. நமக்கு வந்திருப்பதோ ஏற்றுமதி அடைபட்டதால் வந்த பாதிப்பு. என்றாலும் தொழிலாளி கைக்கு எட்டாத ஒரு வர்த்தக முடிவுதான் இரண்டிலும் காரணம். அதில் நாம் பார்க்க வேண்டியது அதன் தொடக்கத் தோல்வியை. வரிச்சலுகையே வேலையிழப்புக்கு முதன்மைக் காரணம் என்று நிரூபிக்கும் நிபந்தனை மிகக் கடுமையாக இருந்ததால், 1969 வரை ஒரு தொழிலாளிக்குக்கூட உதவி கிடைக்கவில்லை. 1974இல் நிபந்தனை தளர்த்தப்பட்ட பிறகே திட்டம் உயிர்பெற்றது. வேலை நேரமும் கூலியும் வழக்கத்தில் 80 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ குறைந்தவரும் பகுதி வேலையிழந்தவராகக் கருதப்பட்டார்; பாதிக்கப்பட்ட நிறுவனத்துக்குப் பொருள் வழங்கும் நிறுவனங்களின் தொழிலாளர்களும் 2002இல் சேர்க்கப்பட்டனர். 2022 ஜூலை முதல் அங்கே புதிய மனுக்களுக்குச் சான்றளிப்பது நின்றுவிட்டது, நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. தவணை வைத்து நீட்டிக்கப்படும் திட்டத்தின் கதி அதுதான் என்பதால், நமது ஏற்பாடு சட்டத்தின் வழியே நிலையாக அமைய வேண்டும்.

நான் வேண்டுவது இதுதான். ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்தின் தொகையில் நூற்றில் ஒரு பங்கைத் தொழிலாளர் நிவாரணத்துக்கெனத் தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். அது சுமார் 250 கோடி. நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 90 நாட்களுக்கு ஒருவருக்கு 22,500 ரூபாய் என்று கொண்டால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது போதும். தகுதியைக் கம்பெனி கம்பெனியாக நிரூபிக்கச் சொல்ல வேண்டாம். திருப்பூர் பின்னலாடை, ஆம்பூர் காலணி என்று தொழிலையும் வட்டாரத்தையும் சேர்த்து அரசே அறிவிக்கட்டும். நீக்கக் கடிதத்துக்குப் பதிலாக, வரிக்கு முந்தைய மாதங்களோடு ஒப்பிட்டு ஷிப்ட் குறைந்த அளவைக் கணக்கில் எடுக்கட்டும். ஊர் திரும்பியவருக்கும் அவருடைய இ.எஸ்.ஐ. எண்ணை வைத்துத் தொகை சேரட்டும். அரசின் உத்தரவாதத்தில் கடன் பெறும் கம்பெனி, காண்ட்ராக்டர் வழியாக வந்தவர்கள் உட்பட அனைவரின் வருகைப் பதிவையும் தர வேண்டும் என்ற நிபந்தனையை அந்தக் கடனோடு சேர்த்தால், ஏட்டில் இல்லாதவர்களும் ஏட்டுக்கு வருவார்கள். இதைக் கம்பெனிகள் விரும்ப மாட்டா என்பதை அறிவேன்.

திறன் பயிற்சி என்ற பதிலைத் தயவுசெய்து முதலில் எடுக்க வேண்டாம். இருபது ஆண்டுகள் தைத்தவருக்குத் தையல் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதில் பயன் இல்லை. ஐம்பது வயதைக் கடந்து, குறைந்த கூலிக்கு வாட்ச்மேன் வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகிறவருக்குப் பழைய கூலிக்கும் புதிய கூலிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை இரண்டு ஆண்டுகளுக்கு ஈடுகட்டும் முறை அமெரிக்கத் திட்டத்தில் இருந்தது. நம் ஊர் நிலைமைக்கு அதுவே பொருந்தும்.

வரி விகிதம் பேச்சுவார்த்தையில் குறையலாம், மறுபடியும் ஏறலாம். இழந்த ஷிப்டுகளின் கூலி அதனால் திரும்பி வராது. எனவே முதல் படியாக, 2025 ஆகஸ்ட் முதல் திருப்பூர் வட்டாரத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் நின்றுபோன தொழிலாளர்களின் எண்ணிக்கையை மாதவாரியாக வெளியிட, இ.எஸ்.ஐ. கழகத்துக்கு உத்தரவிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு குடிமகன்