மடக்குக் கத்தியும் தேங்காய் எண்ணெயும்

கோவை

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். கத்தி பாதியில் நிற்கிறது, அப்புறம் இழுத்துக்கொண்டே வருகிறது. அலகு திரும்புகிற அச்சு ஸ்குரூவைத் தளர்த்தினால் லேசாகத் திறக்கிறது, ஆனால் பக்கவாட்டில் ஆடுகிறது என்று சொல்கிறாய். ஆடத்தான் செய்யும். பம்ப் ஷாஃப்ட் இறுகிப்போனால் அதைத் தாங்குகிற புஷ்ஷைத் தேய்த்துப் பெரிசாக்கிவிட்டு, ‘பாருங்க, இப்போ நல்லா சுத்துது’ என்கிற ஆட்களை என் கம்பெனியில் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே உரசுகிற இடம் சுத்தமாகவும் மட்டமாகவும் இருந்தால், ஸ்குரூ இறுக்கமாக இருக்கும்போதே கத்தி சுலபமாகத் திறக்கும்.

தேங்காய் எண்ணெய் விட்டேன் என்று போகிற போக்கில் சொன்னாயே, வியாதி அங்கேதான் இருக்கிறது. 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் இங்கேயே பாட்டிலைக் கவிழ்த்தால் வராது, அம்மா வெயிலில் கொண்டுபோய் வைப்பாள். ஸ்டுட்கார்ட் குளிரில் கேட்கவே வேண்டாம். உறையாத நாளிலும் அது பிசுபிசுத்துப்போய், பையில் இருக்கிற பஞ்சு, தூசி எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவாமல் இது போகாது.

உன்னுடையது ஸ்குரூ போட்டது, கழற்றலாம். சிவப்புப் பிடி சுவிஸ் கத்தி மாதிரி ரிவெட் அடித்ததாக இருந்தால், வெந்நீரில் அலசி ஒரு சொட்டு எண்ணெய் விடுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பேன். கழற்றினால் வாரண்டி கிடையாது என்று சில கம்பெனிகள் எழுதியிருக்கும், சீட்டை ஒருதரம் படித்துவிடு.

முதலில் கத்தியின் வாய் முழுக்க டேப் சுற்று. மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் வேலை செய், அந்த ஸ்குரூக்கள் கீழே உருண்டால் கிடைக்காது. தலை நட்சத்திர வடிவம், டார்க்ஸ். இந்த மாதிரிக் கத்திகளில் பெரும்பாலும் அச்சுக்கு டி8 சைஸ், பிடிக்கு டி6 சைஸ் இருக்கும். பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பு. கிட்டத்தட்டப் பொருந்துகிற டிரைவரைப் போட்டால் நட்சத்திரம் மழுங்கி வட்டமாகிவிடும். அழுத்தம் நேர் கீழாக இருக்கட்டும், திருப்புவது மெதுவாக. வரவில்லை என்றால் முறுக்காதே. ஸ்குரூ தளராமல் இருக்க உள்ளே மரைப் பசை போட்டிருப்பார்கள். சால்டரிங் அயர்ன் முனையை ஸ்குரூத் தலையில் கொஞ்ச நேரம் வைத்தால் பசை இளகிவிடும். பிடி பிளாஸ்டிக் என்றால் பக்கத்தில் சூடு படாமல் பார்த்துக்கொள்.

ஒவ்வொரு பாகம் வெளியே வரும்போதும் போனில் ஒரு போட்டோ எடு. அலகுக்கு இரண்டு பக்கமும் செம்பு நிறத்தில் மெல்லிசாக ஒரு வாஷர் இருக்கும், பாஸ்பர் வெண்கலம். எண்ணெய்ப் பசையில் அலகோடு ஒட்டிக்கொண்டு வரும். எந்த வாஷர் எந்தப் பக்கம், எந்த முகம் அலகைப் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்.

இப்போது அலகின் அடிப்பகுதியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார். அச்சுத் துளையைச் சுற்றி வில் மாதிரி மெல்லிய கோடு ஒன்று ஓடும், அதன் ஒரு நுனியில் சின்னக் குழி இருக்கும். திறந்த அலகைப் பூட்டிப் பிடிக்கிற லாக் தகட்டில் பதித்திருக்கிற கடுகளவு எஃகுக் குண்டு அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. மூடியிருக்கும்போது அந்தக் குழியில் விழுந்து உட்கார்ந்து கத்தி தானாகத் திறக்காமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பாதையில் அழுக்கு இருந்தால், நீ அச்சை என்ன செய்தாலும் கரகரவென்றுதான் வரும். குழியை மட்டும் தோண்டவோ தேய்க்கவோ கூடாது. அது போனால் கத்தி பைக்குள்ளேயே திறந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் வெந்நீரும் சோப்பும் போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவித் துடைத்துக் காயவை. மரைகளை மட்டும் ஆல்கஹாலில் துடை. வாஷர் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார். அழுத்தி வெட்டி எடுத்ததால் ஒரு முகத்தில் பிசிறு இருக்கலாம். இருந்தால் கண்ணாடித் துண்டின் மேல் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை வைத்து, தண்ணீர் தெளித்து, விரல் நுனியால் எட்டுப் போடுவது போல லேசாகத் தேய். பிசிறு போனதும் நிறுத்திவிடு. பளபளப்பு வரட்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தால் கனம் குறைந்து ஆட்டம் வந்து சேரும். இணையத்தில் பலர் கண்ணாடி மாதிரி மினுக்கிக் காட்டுகிறார்கள். பார்க்க அழகுதான், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எண்ணெய்க்குத் தையல் மிஷின் எண்ணெய் போதும். ஊசி முனையில் தொட்டு வாஷரின் இரண்டு முகத்திலும், குண்டு ஓடும் பாதையிலும் வை. லாக் தகடு அலகை முட்டிப் பிடிக்கிற முனையில் மட்டும் எண்ணெய் படவே கூடாது, வழுக்கினால் விரல்மேல்தான் மடங்கும்.

மாட்டும்போது அச்சின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருந்தால், தகட்டுத் துளையிலும் அதே தட்டை இருக்கும். அதைச் சேர்த்து உட்காரவை. எல்லா ஸ்குரூவையும் முதலில் கையால் ஏற்று. கத்தியை மூடி வைத்து அச்சை இறுக்கு, அப்புறம் பிடி ஸ்குரூக்கள். அலகு இரண்டு தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா பார். பிறகு திறந்து, முதுகுப் பக்கம் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, அச்சை அரைக்கால் சுற்றுக்கும் குறைவாகவே தளர்த்தியும் இறுக்கியும் சரிசெய். ஆட்டம் நின்ற இடத்திலேயே விடு. முதல் நாள் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும். ஐம்பது, நூறு தடவை திறந்து மூடினால் சரியாகிவிடும்.

ஸ்குரூ தானாகத் தளர்ந்தால் மட்டும் நீல லாக்டைட் மரைப் பசை, மரை நுனியில் ஊசி முனையளவு. சிவப்பு வேண்டாம், அது நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். காற்றுப் புகாத இடத்தில், உலோகத்துக்கு நடுவில்தான் அது இறுகும். அதனால் மரையில் எண்ணெய் இருக்கக் கூடாது, வாஷர் பக்கமும் வழியக் கூடாது. ஒரு நாள் முழுக்கக் கத்தியைத் தொடாமல் வை.

அங்கே ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைச் சும்மா பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வெளியே போகக் கூடாது என்று 2008இலிருந்தே சட்டம் இருக்கிறதாமே. மலைக்குப் போகும்போது பெட்டியில் பூட்டியே கொண்டுபோ. பொங்கலுக்கு வரும்போது அதைக் கைப்பையில் போட்டுவிடாதே அம்மிணி, செக்-இன் பெட்டியில் வை. ஸ்குரூ மழுங்கிவிட்டால் அப்படியே விட்டுவிட்டுக் கொண்டுவா, இங்கே என்னிடம் அதற்கு ஆயுதம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா