விருச்சிகத்தில் இருப்பது வெற்றிடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார அறிவியல் பக்கத்தில், கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருந்திட்டை ‘விண்மீன்களே இல்லாத வெற்றிடம்’ என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேலேயே ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2023-இல் அதே பகுதியை எடுத்த படம். படத்தில் ஐம்பது இளம் விண்மீன்கள், கீழே வெற்றிடம். அச்சுக்குப் போகும் முன் யாராவது இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கக் கூடாதா?

1785-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் அந்த இடத்தை வானத்தில் ஒரு ஓட்டை என்றுதான் எழுதினார். அவர் காலத்தில் அதற்கு மேல் பார்க்க வழியில்லை. அதே ஹெர்ஷல்தான் 1800-இல், முப்பட்டகம் பிரித்த நிறங்களில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்டுபிடித்தார். 1973-இல் அந்த ஒளியில், இரண்டு மைக்ரான் அலைநீளத்தில் அந்தக் கருந்திட்டைத் துழாவியபோது உள்ளே ஒரு விண்மீன் கூட்டமே புதைந்து கிடந்தது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எங்களை 1785-க்கே திருப்பி அனுப்பியதுதான் வருத்தம்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வைகாசி இரவு மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குக் கேட்டையைக் காட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அந்த எடத்துல மட்டும் ஏன் சார் மீனே இல்ல?” என்று கேட்டாள். மறுநாள் வகுப்புக்கு டிவி ரிமோட் ஒன்றைக் கொண்டுபோனேன். அது அனுப்புவதும் அகச்சிவப்புதான், பட்டனை அழுத்தினால் முனையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்போனின் முன்பக்கக் கேமரா வழியாகப் பார்த்ததும் முனை ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கியது. அவள் ரிமோட்டை வாங்கி அழுத்தி அழுத்திப் பார்த்தாள். “அப்போ மீன் இருக்கு சார், நம்ம கண்ணுக்குத்தான் இல்ல” என்றாள். அந்தப் பெண் புரிந்துகொண்டதை உங்கள் பக்கம் ஒரே வரியில் அழித்துவிட்டது.

அந்தக் கருந்திட்டு மைனஸ் 260 டிகிரிக்குக் கிட்ட குளிர்ந்து கிடக்கும் ஹைட்ரஜன் வாயு மேகம். 390 ஒளியாண்டு தூரம். எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தூசு, ஆனால் மறைப்பது அதுதான். துகள்கள் மிகப் பொடியானவை என்பதால் நீல ஒளி மாட்டிக்கொள்ளும், நீண்ட அலைநீளமுள்ள அகச்சிவப்பு பெருமளவு தப்பி வந்துவிடும். மாலைச் சூரியன் சிவப்பதும் ஏறக்குறைய இந்தக் காரணத்தால்தான். பெரும்பாலான விண்மீன்கள் இப்படிக் கூட்டமாகத்தான் பிறக்கின்றன. வாயு கலைந்ததும் பிரிந்து போய்விடுகின்றன. கார்த்திகைக் கூட்டம் போல பத்துக் கோடி ஆண்டு ஆகியும் சேர்ந்தே இருப்பவை குறைவு. இவ்வளவும் இருக்கிற இடத்துக்கா வெற்றிடம் என்று பெயர்?

சொல்ல வந்ததால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஜேம்ஸ் வெப் எடுத்த இன்னொரு அகச்சிவப்புப் படத்தைப் போட்டு, விண்வெளி உண்மையிலேயே இந்த நிறத்தில் இருப்பதாக எழுதினீர்கள். அகச்சிவப்புக்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. அலைநீளத்தைப் பிரித்துக் காட்ட விஞ்ஞானிகள் கொடுத்த நிறங்கள் அவை. அன்றே கடிதம் எழுதினேன், வரவில்லை. விருச்சிக ராசி பலனுக்கு நாள்தோறும் இடம் இருக்கிறது, விருச்சிகத்தின் வானத்துக்கு வாரத்தில் கால் பக்கம், அதிலும் பிழை. அப்புறம், எங்கள் பிள்ளைகள் எதில் ஜெயித்தாலும் ‘பின்தங்கிய தருமபுரி’ என்றே செய்தியைத் தொடங்குகிறீர்கள். பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே போய் 2.3 மீட்டர் வேணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு, “காற்றில் உள்ள நீராவி அகச்சிவப்பை விழுங்குமே, அதற்குத்தானே சார் 4,500 மீட்டர் உயரத்தில் லடாக் ஹான்லேயில் தொலைநோக்கி வைத்தார்கள்?” என்று கேட்ட பிள்ளைகள் இவர்கள். அந்த அடைமொழியை அவர்கள் எத்தனை வருடம் படிக்க வேண்டும்?

அடுத்த வாரம் அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். முன்பு மாதம் ஒருமுறை வந்த வான் வரைபடத்தையும் மறுபடி தொடங்குங்கள். அதை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டி வந்தேன். நிறுத்திய மாதத்து வரைபடம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.