எஃப்.சி.யில் ஏர்பேக் விளக்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோட்டில் கார் வயரிங் பட்டறை வைத்திருக்கிறேன். தொப்பூர் கணவாயில் விபத்து என்று செய்தி வந்தால் பிரேக்கையும் வேகத்தையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அவசியமான பேச்சுதான். ஆனால் என் பட்டறைக்கு வரும் கார்களைப் பார்த்தால் எனக்கு வேறொரு பயம் வருகிறது.

போன மாதம் ஒரு தக்காளி வியாபாரியின் கார் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை, அவ்வளவுதான் புகார். விசாரித்தால், ஹெட்லைட்டின் டிம்-பிரைட் சுவிட்ச் கெட்டுப்போய் வேறெங்கோ ஸ்டீயரிங்கைக் கழற்றிப் புது சுவிட்ச் போட்டிருக்கிறார்கள். சாவியைத் திருப்பினேன். மீட்டரில் மற்ற விளக்கெல்லாம் எரிந்தன, ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவில்லை. சாவி போட்டதும் அது சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லையென்றால் பெரும்பாலும் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மீட்டரைப் பிரித்தால், அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது! வியாபாரியிடம் காட்டினேன். "விளக்கு எரியலைன்னா நல்லதுன்னுதானேண்ணா நெனச்சேன்" என்றார்.

அறுந்திருந்தது கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு வட்டப் பெட்டிக்குள், இஞ்ச் டேப்பைச் சுருட்டி வைத்தது போல ஒரு தட்டை நாடா இருக்கும். ஸ்டீயரிங் சுற்றும்போதும் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்ட் அறுபடாமல் போவது அதன் வழியாகத்தான். ஸ்டீயரிங் கையோடு வந்தபின் அந்தப் பெட்டியை விளையாட்டாக விரலால் சுற்றிவிட்டாலோ, நடுவில் நிறுத்தாமல் மாட்டினாலோ, முதல் யூ-டர்னிலேயே நாடா அறுந்துவிடும். டிரைவர் பக்க ஏர்பேக் அதோடு செத்தது. மோதினால் விரியாது.

சக மெக்கானிக்குகளைத் திட்ட எனக்கு மனசில்லை. நாங்கள் தொழில் பழகியது அம்பாசிடரில். ஹாரன் பட்டனை நெம்பி, நட்டைத் திருகி, புல்லர் போட்டு இழுத்தால் ஸ்டீயரிங் வந்துவிடும். 2019 ஜூலை 1 முதல் புதுக் கார் எல்லாவற்றிலும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அந்தக் கார்கள் இப்போது கம்பெனி சர்வீஸ் முடிந்து, கைமாறி, எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வர ஆரம்பித்துவிட்டன. கை மட்டும் பழைய பழக்கத்திலேயே போகிறது.

ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைக் கழற்றுவதென்றால், முன் சக்கரத்தை நேராக நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனி புத்தகத்தில் இருக்கிறது. ஏர்பேக் கண்ட்ரோல் பெட்டியில் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கத்தான் இந்தப் பொறுமை. டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது, அதற்கும் அவசரப்படுகிறார்கள். கழற்றிய ஏர்பேக்கை மூடி மேலே பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து, தப்பித்தவறி வெடித்தால் அந்தப் பொருளே எகிறிப் பாயும். மல்ட்டிமீட்டர் வைத்து அதைச் சோதிப்பது அதைவிட மோசம். திரும்ப அதே இடத்தில் மாட்டுவதற்கு, ஷாஃப்ட்டிலும் ஸ்டீயரிங்கிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட வேண்டும். நட்டை முழுசாக எடுத்துவிடாமல் இரண்டு மரை விட்டு இழுத்தால் ஸ்டீயரிங் மூஞ்சியில் வந்து அடிக்காது. ஷாஃப்ட்டைச் சுத்தியால் தட்டவே கூடாது.

இன்னொன்று. சில கார்களில் டிம்-பிரைட் சுவிட்சை மாற்ற ஸ்டீயரிங்கைத் தொடவே வேண்டாம். கீழ் மூடியைக் கழற்றி இரண்டு ஸ்க்ரூ எடுத்தால் சுவிட்ச் கையோடு வந்துவிடும். கழற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள். சுவிட்ச் ஏன் கெடுகிறது என்றும் பாருங்கள். ராத்திரியில் வெளிச்சம் பத்தவில்லை என்று 60/55 வாட்ஸ் பல்புக்குப் பதில் 100/90 போடுகிறார்கள், லோடைச் சுவிட்ச் வழியாக விடாமல் பல்புக்கு நேராகக் கொடுக்கும் ரிலே வைப்பதில்லை. அத்தனை லோடும் சுவிட்ச் வழியாகவே போனால் உள்ளே பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? புது சுவிட்சும் நாளைக்கு அதே கதிதான்.

மஞ்சள் போர்டு வண்டிகள் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருஷாவருஷமும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று சோதனைக்கு வருகின்றன. அங்கே சாவியைப் போட்டு ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்கச் சொல்லி வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் உத்தரவிட வேண்டும். சொந்தக் கார்களுக்கு அந்தச் சோதனை 15 வருஷம் கழித்துத்தான். அதுவரை உரிமையாளரே தினமும் கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தருமபுரி அரசு ஐடிஐயில் பட்டறைக்காரர்களுக்கு ஏர்பேக் வேலை பற்றி ஒரு நாள் பயிற்சி வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தால் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கூட்டம் வரும். மற்ற நாளில் பட்டறையைச் சாத்திவிட்டு யாரும் வரமாட்டார்கள். செய்முறைக்கு வேண்டுமென்றால் அறுந்த கிளாக் ஸ்பிரிங்குகளும் உருகிய சுவிட்சுகளும் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.