பட்டமளிப்பு மேடையில் பாடப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் 'ஐ ஹோப் யூ டான்ஸ்' பாடப்போகிறீர்கள், முதல் குரல் உனக்கு என்று எழுதியிருந்தாய். இதை எப்படிப் பாடுவது, இவ்வளவு எளிய பாட்டுக்கு எப்படி இவ்வளவு பெயர் வந்தது என்று இரண்டையும் சேர்த்தே கேட்டிருந்தாய். பெயர் வந்த கதையை முதலில் சொல்கிறேன். அது பிடிபட்டால் பாடும் முறையில் பாதி தானாகவே சரியாகிவிடும்.

தலைப்புக்கு 'நீ ஆட வேண்டும் என்பது என் ஆசை' என்று பொருள். பாடியவர் லீ ஆன் வோமாக், அமெரிக்காவின் கிராமியச் சாயல் கொண்ட கன்ட்ரி இசைப் பாடகி. எழுதியவர்கள் டியா சில்லர்ஸ், மார்க் டி. சாண்டர்ஸ் என்ற இரண்டு பாட்டெழுத்தாளர்கள், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்காரர்கள். அந்த ஊரில் பாட்டைச் சேர்ந்து எழுதுவதுதான் வாடிக்கை. காலையில் இரண்டு மூன்று பேர் கிட்டாரும் நோட்டும் வைத்துக்கொண்டு ஓர் அறையில் உட்காருவார்கள். எந்த வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று கணக்குப் பார்க்காமல் உரிமையைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். சில்லர்ஸ் அப்போது மணமுறிவைக் கடந்துகொண்டிருந்தார். கடற்கரைக்குப் போனபோது, அந்தக் கடலுக்கு முன்னால் தான் எவ்வளவு சிறியவள் என்று தோன்றியதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாட்டில் வரும் கடல் வரி அதுதான். ஆகவே, பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லும் பாட்டு என்று இன்று எல்லோரும் நினைக்கும் இது, தொடக்கத்தில் அப்படிப் பிறக்கவில்லை. வோமாக் அதைக் கேட்டதும் தன் இரண்டு பெண்களை நினைத்துக்கொண்டார். வீடியோவிலும் அவர்களோடே வந்தார். அங்கிருந்துதான் அது தாயின் பாட்டானது.

வரிகளைத் தாளில் எழுதிவைத்துப் படித்துப் பார். மகன், மகள், அம்மா, அப்பா, கல்யாணம், பள்ளிக்கூடம் எதுவும் அதில் இல்லை. சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர், அவ்வளவுதான். பட்டமளிப்பு, கல்யாணத்தில் அப்பாவும் மகளும் ஆடும் நடனம், இறுதிச் சடங்கு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில் எல்லாம் அது பொருந்திப்போனதற்கு இதுதான் காரணம். 2014 ஜூன் 7 அன்று வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கவிஞர் மாயா ஆஞ்சலூவின் நினைவுக் கூட்டத்தில் வோமாக் பாடியதும் இதே பாட்டுதான். எண்பத்தாறு வயது வாழ்ந்து முடித்தவருக்கும் இருபத்திரண்டு வயதில் அங்கி போட்டு நிற்கும் பிள்ளைக்கும் ஒரே வரிகள் இடறாமல் நிற்கின்றன.

இன்னொன்றையும் கவனி. பாட்டு ஏறக்குறைய முழுவதும் ஆசைதான். இடையில் சில இடங்களில் மட்டும் நேராக 'இதைச் செய்' என்று வருகிறது. அறிவுரைப் பாட்டு என்றால் கேட்பவர் உடனே காதைப் பொத்திக்கொள்வார். 'உனக்கு இப்படி நடக்கட்டும்' என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. குரலில் கட்டளைத் தொனி வந்துவிட்டால் இந்தப் பாட்டு செத்துவிடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி, அது எப்படி வரவேற்கப்பட்டது என்ற கதை. சிங்கிள், அதாவது தனிப்பாட்டாக விடும் பதிவு, 2000 மார்ச்சில் வந்தது, அதே பெயரில் ஆல்பம் மே மாதம். அந்தக் கோடையில் பில்போர்ட் இசை இதழின் கன்ட்ரி பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். எல்லா வகைப் பாட்டுகளும் சேர்ந்த ஹாட் 100 பட்டியலில் 14 வரை ஏறியது. அதோடு அடங்கவில்லை. மறு ஆண்டு, பெரியவர்கள் கேட்கும் மென்மையான பாப் பாட்டுகளுக்கான அடல்ட் கன்டெம்பரரி பட்டியலிலும் முதலிடத்துக்கு வந்தது. கன்ட்ரி வானொலியே கேட்காத வீடுகளுக்குள்ளும் போய்விட்டது என்று இதற்கு அர்த்தம். ஆல்பம் முப்பது லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது. வரிகளை வைத்துக் குறுந்தட்டோடு ஒரு சிறிய பரிசுப் புத்தகமும் போட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து அயர்லாந்தின் ரோனன் கீட்டிங் பாடிய பதிவு பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது.

விருதுகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உன் தோழிகள் குழப்பிக்கொள்வார்கள், நீ தெரிந்துவைத்துக்கொள். 2000-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் இந்தப் பாட்டுக்கு இரண்டு விருது கொடுத்தது. 'ஆண்டின் சிங்கிள்' என்பது பதிவுக்கானது. அது பாடகிக்கும் தயாரிப்பாளர் மார்க் ரைட்டுக்கும் போகும். 'ஆண்டின் பாடல்' எழுதியவர்களுக்கானது. 2001-இல் கிடைத்த சிறந்த கன்ட்ரி பாடலுக்கான கிராமியும் எழுதியவர்களுக்கே. எல்லா வகைகளுக்குமான 'ஆண்டின் பாடல்' கிராமிக்கும் பரிந்துரையானது, ஆனால் கிடைக்கவில்லை. காசு விஷயமும் இப்படித்தான். அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பங்கு உண்டு, பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. இது நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் அந்த ஊரில் எழுதுபவர்களுக்கு இருக்கும் மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம்.

குறை சொன்னவர்களும் உண்டு. வாழ்த்து அட்டை வாசகம் போல இருக்கிறது என்பார்கள். அதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும் என்பது தேய்ந்துபோன வரிதான். ஆனால் அவர்கள் கேட்காமல் விட்டது இரண்டாவது குரலை. பல்லவியில் முதல் குரல் தலைப்பு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அடியில் ஆண்குரல் வேறொரு மெட்டில், காலம் சக்கரமாய் உருண்டு நம்மை இழுத்துக்கொண்டு போவதைப் பற்றிப் பாடும். அதைப் பாடியது 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்' குழு. அதில் இருந்த வோமாக் சகோதரர்களுக்குப் பெயர்தான் ஒன்று, லீ ஆனுக்கு உறவில்லை. அந்த அடிக்குரல் இல்லாவிட்டால் மேலே இருப்பது வெறும் வாழ்த்து. அது இருப்பதால், நேரம் போய்க்கொண்டிருக்கும்போதே சொல்லப்படும் வாழ்த்து. பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதே அச்சில் இன்னொன்று வார்க்கப் பார்த்தார்கள். 2002-இல் வந்த அடுத்த ஆல்பம் பாப் பக்கம் சாய்ந்தது. அதன் தலைப்புப் பாட்டும் இதைப் போலவே வாழ்க்கையைப் பற்றிப் பெரிதாகப் பேசியது. கன்ட்ரி பட்டியலில் 20-க்கு மேல் ஏறவில்லை. கிழக்கு டெக்சஸ் ஜாக்சன்வில்லில் பிறந்த அந்தக் குரலுக்குப் பழைய பாணி ஸ்டீல் கிட்டாரும் மனம் உடைந்த கதையும்தான் சொந்தம். 2005-இல் அங்கேயே திரும்பிப்போனார், ஆண்டின் ஆல்பம் விருதும் வந்தது. ஊக்கமூட்டும் பாட்டு ஒன்று ஓடிவிட்டால் உடனே அதற்குத் தங்கை தேடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சரி, இனி உன் வேலை.

முதலில் சுருதி. பதிவில் இருக்கும் சுருதியைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. பல்லவியின் உச்ச ஸ்வரத்தை நடுத்தரச் சத்தத்தில் பத்து முறை தொடர்ந்து பாடு. கடைசி இரண்டு முறை கழுத்து இறுகினால் அரைச் சுருதி இறக்கு. இறுகவில்லை என்றால் அதுதான் உன் சுருதி. கிட்டார்காரர் கவலைப்படத் தேவையில்லை. நாஷ்வில் இசைக்கலைஞர்கள் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, பெயரால் எழுதாமல் 1, 4, 5 என்று எண்ணால் எழுதுவார்கள். ஜோர்டனேர்ஸ் என்ற பாட்டுக் குழுவின் நீல் மேத்யூஸ் 1950-களின் இறுதியில் கொண்டுவந்த முறை அது. நாம் ச, ரி, க என்று எழுதிவைத்ததை எந்தச் சுருதியிலும் பாடுவது போலத்தான். சுருதி மாறினாலும் தாளில் ஒரு எழுத்து மாறாது. ஜி கார்டு வடிவத்திலேயே விரல் பழகியவர் என்றால், கேப்போவை, அதாவது தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை, மூன்றாம் கட்டத்தில் போட்டால் பி ஃபிளாட் கிடைக்கும்.

மூச்சு அடுத்தது. சரண வரிகளில் சொற்கள் நெருக்கமாக இருக்கும். இரண்டு வரிக்கு ஒருமுறை எடு. சரணத்தின் கடைசியில், ஒதுங்கி உட்காருவதா ஆடுவதா என்று கேட்கும் வரி வருகிறதே, அதற்கு முன்னால் நிறைய எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடி. நடுவில் உடைத்தால் கேள்வி பாதியில் நிற்கும். முதல் சரணத்தில் 'சான்ஸ்', இரண்டாவதில் 'கிளான்ஸ்', இரண்டும் 'டான்ஸ்' என்ற சொல்லுக்கு இயைபாக முன்பே போட்டுவைத்தவை. அவற்றை அழுத்தாதே. லேசாக விட்டால்தான் 'டான்ஸ்' விழும்போது காது அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

உங்கள் குழுவைப் போலப் பதினாறு பேர் பாடும்போது இந்தப் பாட்டில் கெடுவது பெரும்பாலும் 'ஸ்' ஒலியில்தான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணத்தில் 'ஸ்' போட்டால் ஒலிபெருக்கியில் குக்கர் சீறுவது மாதிரிக் கேட்கும். உயிர் ஒலியை எல்லோரும் நீட்டட்டும். 'ஸ்' சொல்வதற்கு இரண்டு பேரை மட்டும் நியமியுங்கள், மற்றவர்கள் வாயைத் திறந்தபடியே ஒலியை நிறுத்தட்டும்.

அடுத்த ஆபத்து, காலம் தளர்வது. நீண்ட ஸ்வரங்களில் ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். ஒவ்வொரு பல்லவியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து, கடைசியில் உனக்கு மூச்சு போதாமல் போகும். கிட்டார் முதல் சரணத்தில் விரலால் தனித்தனித் தந்தியாக மீட்டட்டும். அரைத்தட்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் கூட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒத்திகையில் தட்டு எண்ணும் மெட்ரோனோம் கருவி ஓடட்டும்.

முதல் சரணம் நீயும் கிட்டாரும் மட்டும். முதல் பல்லவிக்கு இரண்டு குரல் சேரட்டும். இரண்டாம் சரணத்தில் எல்லோரும் வரலாம், ஆனால் தாழ்வாக. கடைசிப் பல்லவிக்குத்தான் அந்த அடிக்குரல். அதற்கு நான்கு ஆண்குரல் போதும், பதினாறில் நான்கு. உன் தலைப்பு வரி முடிந்து ஓயும் இடைவெளியில் அவர்கள் நுழைய வேண்டும். சொற்கள் தெளிவாக, சத்தம் உன்னைவிட ஒரு படி கீழே. இரண்டும் சமமாக ஒலித்தால் இரண்டுமே புரியாது. ஆண்குரல் கிடைக்காவிட்டால் அந்த மெட்டை வயலினுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஆள் இரண்டையும் மாறி மாறிப் பாடினால் நன்றாகவே இருக்காது.

டெக்சஸ் உச்சரிப்பைப் போலச் செய்யாதே. உன் உச்சரிப்பிலேயே பாடு. மைக்கைச் சரணத்தில் ஒரு சாண் தூரத்துக்குள் வைத்துக்கொள், பல்லவியில் ஒன்றரைச் சாண் தள்ளு.

அழுகை வரும். பெற்றோர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பாதிக் குழுவுக்கு வரும். அழுகையில் தொண்டை மேலேறி இறுகிவிடும், சுருதி நிற்காது. யார் முகத்தையும் பார்க்காமல் பின் சுவரில் தலைகளுக்கு மேலே ஓர் இடத்தைப் பார்க்கச் சொல். இரண்டாம் சரணத்தில் காதல் தவறாகவும் முடியலாம், ஆனாலும் செய்யத் தகுந்த தவறு என்று வரும் இடத்தில் குரல் சிரிக்கவும் வேண்டாம், துயரப்படவும் வேண்டாம். நேராகச் சொல்.

இன்னும் ஒன்று. குழுவுக்கான இசைத்தாளை ஆளுக்கொரு பிரதி விலைகொடுத்து வாங்குங்கள், ஒன்றை வாங்கி நகல் எடுப்பது சட்டப்படி தவறு. மேடையில் பாடுவதற்குக் கல்லூரியின் உரிமமே பெரும்பாலும் போதும். வீடியோவாக இணையத்தில் போடுவதற்கு அனுமதி வேறு. அதை இப்போதே அலுவலகத்தில் கேட்டுவிடு, விழா முடிந்தபின் கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள்.

உச்ச ஸ்வரப் பரிசோதனையைச் செய்துவிட்டு எந்தச் சுருதி என்று எழுது. அதோடு, கிட்டார்காரருக்கு எண் முறை பழக்கமா என்றும் கேட்டுச் சொல். பழக்கமில்லை என்றால் கார்டுப் பெயர்களாகவே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா