பழைய கேம்ஷாஃப்ட் பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. உன் செவ்ரோலெட் 283 எஞ்சினுக்காக இத்தனை ஆண்டுகள் தேடிய டன்டோவ் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) கைக்கு வந்துவிட்டது என்று படித்தபோது எனக்கே கிடைத்தது போல் மகிழ்ந்தேன். செவ்ரோலெட் பொறியாளர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் வகுத்த அந்தத் தண்டுதான், 1957 கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சினில், 283 கன அங்குலத்திலிருந்து 283 குதிரைத்திறனை எடுக்க உதவியது.

ஆனாலும் வார்ப்பிலுள்ள எண்ணை மட்டும் நம்பி அதை எஞ்சினில் ஏற்றிவிடாதே. அந்த எண் சொல்வது தண்டு எந்த வார்ப்பு என்பதை மட்டுமே. பின்னாளில் யாராவது லோபுகளை, அதாவது வால்வைத் தூக்கும் புடைப்புகளை, மறுபடி கிரைண்ட் செய்திருந்தால், எண் அப்படியே இருக்க, தண்டின் குணம் முற்றிலும் மாறியிருக்கும். ஆகவே அளந்து பார்ப்பதே வழி. மைக்ரோமீட்டரால் லோபின் உயரத்தையும் குறுக்களவையும் எடுத்துக் கழிப்பது எளிதுதான். ஆனால் வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் இத்தகைய தண்டுகளில், குறுக்கே அளக்கும்போது லோபின் சரிவும் மைக்ரோமீட்டருக்குள் அகப்பட்டு, லோபு தூக்கும் உயரம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். தண்டை வி-பிளாக்குகளில் (V வடிவத் தாங்கிகளில்) கிடத்தி, டயல் கேஜ் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்று. டன்டோவ் தண்டில் வால்வு எழும் உயரம் உள்ளிழுக்கும் பக்கம் 0.394 அங்குலம், வெளியேற்றும் பக்கம் 0.400 அங்குலம், லோபின் உயர்வைப் பெருக்கி வால்வுக்குத் தரும் ராக்கர் நெம்புகோலின் விகிதம் 1.5 என்பதால் லோபில் ஏறத்தாழ 0.263, 0.267 வர வேண்டும். இரண்டிலும் 0.323 வந்தால் உன்னிடம் இருப்பது 1964-இல் வந்த '30-30' தண்டு. இதைப் பிரித்தறிவது மிக அவசியம்: 30-30 தண்டுக்கு டாப்பெட் இடைவெளி (வால்வு மூடியிருக்கையில் விடும் சிறு இடம்) இருபுறமும் 0.030 அங்குலம், டன்டோவ் தண்டுக்கோ உள்ளிழுக்கும் பக்கம் 0.012, வெளியேற்றும் பக்கம் 0.018. 30-30-இன் இடைவெளியை டன்டோவ் தண்டுக்கு வைத்தால், வால்வை மெதுவாக இருக்கையில் அமர்த்துவதற்கென்று லோபில் தீட்டிய மென்சரிவு பயனற்றுப் போய், வால்வு வேகமாக அறைந்து மூடும்.

லோபின் மேல் ஓடி அசைவைக் கடத்தும் டாப்பெட்டுகளும் தண்டோடு வந்தனவா? வந்திருந்தால், எது எந்த லோபில் ஓடியது என்ற வரிசை தெரிந்தாலொழிய அவற்றைத் தொடாதே. ஒருமுறை நான் அவற்றை ஒரே தட்டில் கொட்டிக் கலந்து மாட்டினேன். சில நாட்களிலேயே இரண்டு லோபுகள் வட்டமாகத் தேய்ந்துவிட்டன. நல்லதொரு பழைய தண்டை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. புதிய டாப்பெட்டுகளை வாங்கிவிடு. அவற்றின் அடிப்பாகம் மிகச் சிறிதளவு குவிந்திருக்க வேண்டும். லோபின் சாய்வோடு சேர்ந்து அதுதான் டாப்பெட்டைச் சுழல வைக்கிறது, சுழலாத டாப்பெட் லோபைத் தின்றுவிடும்.

முதன்முறை உயிர்ப்பித்ததும் ஐட்லிங்கில் விடாமல், நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் இருபது நிமிடமாவது ஓட்டு. துத்தநாகச் சேர்மம் போதிய அளவு உள்ள எண்ணெயையே ஊற்று. தாழ்ந்த வேகத்தில் எஞ்சின் சற்றுக் குலுங்கினால் கவலைப்படாதே, அது இந்தத் தண்டின் இயல்பு.

டயல் கேஜ் அளவுகளைப் பதினாறு லோபுகளுக்கும் தனித்தனியே குறித்து அனுப்பு. அவற்றைப் பார்த்த பிறகு எஞ்சினை மூடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்