‘எம்மவரிடம் அந்த மரபு இல்லை’யாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் ‘ஓல்ட் 97’ தபால் கோச்சி (ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கவிழ்ந்த கதையையும் அதைப் பற்றிய பாட்டின் கதையையும் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பந்தியில், ‘விபத்தைப் பாடி நினைவில் வைத்திருக்கும் மரபு எம்மவரிடம் இல்லை’ என்று ஒரு வரி. எந்த எம்மவரைக் கேட்டு எழுதினார் உங்கள் கட்டுரையாளர்?

தமிழ்நாட்டுச் சந்தைகளில் கொலை, வெள்ளம், விபத்து என்று எது நடந்தாலும் சிந்து கட்டி, மலிவுப் புத்தகமாய் அச்சடித்து, பாடிப் பாடியே விற்றார்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல. சரி, அது அக்கரைச் சமாச்சாரம் என்றே விடுவோம். எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வளவின் பின்வேலிக்கு அப்பால் தண்டவாளம். அம்மம்மா திண்ணையில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பா. கோச்சி கூவினால் கை நின்றுவிடும். கடைசிப் பெட்டி போய் மறையுமட்டும் காத்திருந்து, பிறகு மெல்ல ஒரு ஒப்பாரி. 1964 டிசெம்பர் 22 இரவு பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பசஞ்சர் கோச்சியைக் கடல் கொண்டுபோனதல்லவா? நூற்றுக்கு மேற்பட்ட சனம், ஒருவரும் மிஞ்சவில்லை. சென்னையில் புடவை எடுத்துக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாருக்கு வரவேண்டிய அம்மம்மாவின் தம்பியும் அதோடு வரவில்லை. அவர் அந்தக் கோச்சியில்தான் இருந்தாரா, இறங்குதுறையில் நின்றாரா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. பாட்டில் மட்டும் அவர் கோச்சியில் யன்னலோரம் இருக்கிறார்.

1990இல் கோச்சி நின்றது. சிலிப்பர்க்கட்டைகள் பதுங்குகுழிக்குப் போயின. தண்டவாளம் கிடந்த இடத்தில் நாங்கள் சைக்கிள் ஓடினோம். கூவுவதற்கு ஒன்றும் இல்லாதபடியால் அம்மம்மாவும் பாடவில்லை. அப்படியே போய்விட்டா.

2014 ஒக்ரோபரில் யாழ்தேவிக் கோச்சி திரும்பி வந்தபோது, இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி, பாட்டையும் சேர்த்து உங்களுக்கு அனுப்பினேன். நான்கு வரியாக்கிப் போட்டீர்கள்: ‘மீண்டும் புகையிரதம் வந்தது மகிழ்ச்சி தருகிறது’ என்று. அந்தச் சொல்லை நான் எழுதவே இல்லை. நான் எழுதியது கோச்சி. பாட்டைக் காணோம். ‘இடநெருக்கடி’ என்றார் தொலைபேசியில் பேசிய தம்பி. அதே பக்கத்தில் அரைப்பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம் இருந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. வளர்த்த விதம் அப்படி.

டிசெம்பர் 26 வந்தால் பெரலியவில் ஆழிப்பேரலை கவிழ்த்த கோச்சியின் படத்தை வருடந்தோறும் போடுகிறீர்கள். போடத்தான் வேண்டும், ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள். அதற்கு நாலு நாள் முந்திய தேதியும் நாட்காட்டியில் இருக்கிறது. காவலாளி இல்லாத கடவையில் எங்கள் பிள்ளைகள் அடிபட்டால் உள்பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி, ‘கோச்சி மோதி இளைஞர் பலி’. இங்கே மட்டும் ‘கோச்சி’ எங்கிருந்து வருகிறதோ!

அந்த அமெரிக்கக் கதையையாவது முழுதாய்ச் சொன்னீர்களா? ‘வெறிகொண்டு ஓட்டிய சாரதி’ என்று முடித்துவிட்டார் எழுதியவர். 1903 செப்ரெம்பர் 27 அன்று வண்டி ஏற்கெனவே பிந்தி வந்தது. தபால் பிந்தினால் கம்பனிக்குத் தண்டம், அதுதான் ஒப்பந்தம். பிந்திய நேரத்தைப் பிடிக்க வேண்டிய கட்டாயத்தில் புரோடி என்ற சாரதி இறக்கத்தில் விட்டடித்து வர, டான்வில் அருகே வளைவில் இருந்த மரப்பாலத்திலிருந்து வண்டி கீழே பாய்ந்தது. அவரையும் சேர்த்து 11 பேர் செத்தார்கள். பழியைக் கம்பனி செத்தவர் தலையில் போட்டது. வேறெங்கே போடுவார்கள்? இன்னொன்று: அந்தப் பாட்டின் மெட்டு அவர்களுடைய புது மெட்டல்ல. திரும்பி வராத ஒரு கப்பலைப் பற்றி 1865இல் வந்த பாட்டின் மெட்டில்தான் இந்தக் கோச்சியைப் பாடினார்கள். வாசித்தபோது எனக்கு அம்மம்மாதான் நினைவுக்கு வந்தா. அவவின் ஒப்பாரியும் தன் தாய்க்கு அழுத அதே இராகம்தான்.

மறுப்புக் கட்டுரை எழுத இடம் தாருங்கள் என்று கேட்கமாட்டேன். உங்கள் இடநெருக்கடி எனக்குத் தெரியும். கீழேயுள்ள இரண்டு வரியை மட்டும் வரும் ஞாயிறு எங்காவது ஒரு மூலையில் போடுங்கள்.

பாம்பன் கடந்ததெண்டு பாய்விரிச்சுக் காத்திருந்தன்
பாதி வழியிலையோ பாழ்கடலும் ஏறினது

‘கடந்ததெண்டு’, ‘காத்திருந்தன்’ இரண்டும் பிழையல்ல. திருத்தவேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்குவில்.