பச்சை 914-க்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை என் பழைய போர்ஷே வண்டி சோதனையில் தேறிவிட்டது. எண் பலகையின் கடைசியில் 'எச்' எழுத்தும் கிடைத்துவிட்டது. முப்பது வயதைத் தாண்டி, பழைய உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு மட்டுமே ஜெர்மனியில் அந்த எழுத்தைத் தருவார்கள். அன்று இரவே உங்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டேன். ஆனால் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோரும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்த மடல்.

வண்டி வேலைக்கு வராத நம் சொந்தபந்தங்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் கதை. இது 1973-ஆம் வருடத்து போர்ஷே 914. 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 100 குதிரைத்திறன். ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஹைன்ஸ் நோர்ட்ஹோஃபும் போர்ஷே நிறுவனத்தின் ஃபெரி போர்ஷேயும் வாய்ப்பேச்சில் முடித்த ஒப்பந்தத்தில் பிறந்த கார். ஒருவருக்குப் புதிய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும், மற்றவருக்குத் தன் 911 காரை விட விலை குறைந்த மாடல் வேண்டும். ஆனால் 1968-இல் நோர்ட்ஹோஃப் காலமானார். அடுத்து வந்த குர்ட் லோட்ஸ் அந்த வாய்ப்பேச்சை அப்படியே ஏற்கவில்லை. போர்ஷேக்குப் போகும் கூடுகளின் (காரின் உடற்பகுதி) விலை ஏறியது. ஆறு சிலிண்டர் 914/6, 911-இன் விலையை நெருங்கிவிட்டது. அதை யார் வாங்குவார்கள்? அந்த வகையில் மொத்தமே 3,300 சொச்சம்தான் செய்தார்கள். நான்கு சிலிண்டர் வண்டிகளோ 1969 முதல் 1976 வரை ஒரு லட்சத்துக்கும் மேல்.

ஐரோப்பாவில் இது ஃபோக்ஸ்வாகன்-போர்ஷே என்ற இரட்டைப் பெயரில்தான் விற்பனையானது. அதனாலேயே "இது அசல் போர்ஷே இல்லை" என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. என்ஜின் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், வண்டியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1970-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 914/6 ஜிடி என்ற பந்தய வண்டி ஒன்று மொத்தத்தில் ஆறாவதாக வந்து, தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அதே வருடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் 86 மணி நேரம் ஓடிய போட்டியில் முதல் மூன்று இடங்களும் 914-களுக்கே. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில், வண்டியை எனக்கு விற்ற அம்மாவுக்கு. உங்கள் கணவர் வைத்திருந்த ரசீதுகள் அத்தனையையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, சாவியோடு சேர்த்துத் தந்தீர்கள். என்னைவிட அதிக விலை கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. "நீ ஓட்டுவாய், அவர்கள் பிரித்து விற்பார்கள்" என்றீர்கள். அந்தச் சொல்லை நான் காப்பாற்றிவிட்டேன், அம்மா.

அடுத்து, ஓஸ்னாப்ரூக் பெரியவருக்கு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை, ஐயா. இந்த வண்டியின் கூடு உங்கள் ஊரில், கார்மன் கார் ஆலையில் பிறந்தது. இளவயதில் நீங்கள் வேலை பார்த்த இடம் அது. 914-இல் பேட்டரி என்ஜின் அறையின் வலது மூலையில் இருக்கும். மேலே காற்றுக்கான ஜாலி மூடி, அது வழியாக மழைநீர் இறங்கும். பேட்டரி அமிலமும் நீரும் சேர்ந்து பேட்டரித் தட்டைத் தின்று, கீழே வண்டியின் நீளவாக்கில் ஓடும் வலது நெடுஞ்சட்டத்தைத் தின்று, கடைசியில் பின்சக்கரத்தைத் தாங்கும் இடத்தையும் தின்றுவிடும். உலகம் முழுக்க 914 வைத்திருப்பவர்கள் அந்த மூலையை 'நரகக் குழி' என்றே சொல்கிறார்கள். என் வண்டியில் அந்தச் சட்டத்துக்குள் விரலை விட்டால் துருத்தூள்தான் வந்தது. ஒரு பட்டறையில் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் மட்டும் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கதவோர இடுக்கைக் கண்ணால் அளந்துவிட்டு, "வண்டி இன்னும் நடுவில் தொங்கவில்லை, பிழைக்கும்" என்றீர்கள்.

மேல்கூரை கழற்றும் வண்டி என்பதால் இந்தச் சட்டங்கள்தான் அதற்கு முதுகெலும்பு. யோசிக்காமல் வெட்டினால் நடுவில் மடங்கிவிடும். கதவு வாசலில் குறுக்குக் கம்பிகளை வைத்து வெல்டிங் செய்து, அதன் பிறகு ஒரு சாண் வெட்டுவது, ஒரு சாண் ஒட்டுவது என்று பதினோரு சனிக்கிழமைகள். எழுபத்தாறு வயதில் கராஜ் தரையில் படுத்துக்கொண்டு வேலை செய்தீர்கள். காசு வாங்க மறுத்தீர்கள். என் மனைவியின் சாம்பார் சாதத்துக்கு மட்டும் இரண்டாம் முறை தட்டை நீட்டினீர்கள். கார்மன் நிறுவனம் 2009-இல் நொடித்துப்போன கதையைச் சொன்ன அன்று மட்டும் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பினீர்கள். அது என் மனதிலேயே நிற்கிறது.

பிரெமன் நண்பருக்கு. டி-ஜெட்ரானிக் என்ற, மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் எரிபொருள் அமைப்பை எல்லோரும் கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டர் மாட்டச் சொன்னபோது, வேண்டாம் என்று தடுத்தவர் நீங்கள். காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய தகட்டில் விரிசல். அவ்வளவுதான் நோய். புதுத் தகடு போட்டு, ஒரு வாரம் பொறுமையாகச் சரிபார்த்துத் தபாலில் அனுப்பினீர்கள். இப்போது குளிர்ந்த காலையிலும் ஒரே சாவித் திருப்பலில் என்ஜின் பிடிக்கிறது.

பெயின்ட் கடைத் தம்பிக்கும், இருக்கை தைத்துக் கொடுத்த அக்காவுக்கும், கராஜ் சாவியை மூன்றரை வருடம் திருப்பிக் கேட்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் நன்றி. அப்புறம் என் மகளுக்கு. பெட்ரோல் குழாயை வண்டித் தரையின் நடுவில் ஓடும் சுரங்கத்துக்குள் நுழைக்க என் கை போகவில்லை, அவள் கைதான் போனது.

வண்டியில் இரண்டே இருக்கைகள். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்களில் ஒருவர். மழை இல்லையென்றால் கூரையைக் கழற்றிப் பின்பெட்டியில் வைத்துவிடலாம். வரும் ஞாயிறு ஓஸ்னாப்ரூக் ஐயாவின் முறை. காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன், ஐயா. பழைய ஆலை வாசல் வழியாகப் போய்வரலாம்.

அன்புடன்,
பச்சை வண்டிக்காரன்